ஆஸ்திரேலியாவில் ஓராண்டு வேலையும் ஊர்சுற்றலும்: சென்னையிலிருந்து கேட்பவர்களுக்கு

நான் பெரம்பூர்க்காரி. பி.காம். முடித்துவிட்டு ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் பில்லிங் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியர்களுக்கு 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா முதன்முதலாகத் திறந்தபோது பதிந்தேன், குலுக்கலில் பெயர் வந்தது, கிளம்பிவிட்டேன். ஆஸ்திரேலியாவின் வடக்கே டார்வினில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்தேன். கேத்தரின் என்ற ஊரில் மாம்பழ பேக்கிங் ஷெட்டில் நின்றேன். கடைசியாக சிட்னியில், பாரமட்டா பக்கம் ஒரு கஃபேயில் வேலை. திரும்பி வந்ததிலிருந்து தெருவில், கல்யாண வீட்டில், பழைய ஆபீஸ் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 'ஹாலிடே' என்ற பேரைப் பார்த்து மயங்காதீர்கள். நீங்கள் போவது கூலி வேலைக்கு. அதற்கான கணக்கோடு போனால் நல்ல வருஷம்தான்.

இது என்ன விசா? மாணவர் விசாவா?

இல்லை. எண் 462. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022 ஏப்ரல் 2 அன்று ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டன. அது 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு பகுதியாக, ஆண்டுக்கு 1000 இந்திய இளைஞர்கள் 12 மாதம் அங்கே தங்கி, வேலையும் செய்து, சுற்றியும் பார்க்கலாம் என்று வைத்தார்கள். வயது 18 முதல் 30 வரை, 31 பிறப்பதற்கு முன் விண்ணப்பித்துவிட வேண்டும். நான்கு மாதம் வரை படிக்கவும் செய்யலாம், ஆனால் படிப்புக்கான விசா அல்ல இது. குழந்தை இருப்பவர்கள் குழந்தையைக் கூட்டிப்போக முடியாது.

குலுக்கல் எப்படி நடக்கிறது?

முதல் பதிவு 2024 அக்டோபரில் ஒரு மாதம் திறந்திருந்தது. கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வேண்டும். படிவம் பத்து நிமிஷ வேலை. இரண்டு வாரத்திலேயே சுமார் 40 ஆயிரம் பேர் பதிந்திருப்பதாக அந்த நாட்டு அமைச்சர் ஒருவர் சொன்னார். ஆயிரம் இடத்துக்கு நாற்பதாயிரம் பேர். கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறது. உங்கள் மதிப்பெண், சம்பளம், ஆங்கிலம் எதையும் அது பார்ப்பதில்லை. பெயர் வந்தால் 28 நாளுக்குள் முழு விண்ணப்பத்தைப் போட வேண்டும். அதற்குள் ஆவணம் திரட்ட ஓடுவதைவிட, பதியும்போதே எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைப்பது உத்தமம். பதிவுத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் மட்டும் பாருங்கள்.

ஏஜெண்டிடம் போகலாமா? 'குலுக்கலில் நிச்சயம் எடுத்துத் தருகிறோம்' என்கிறார்களே?

அப்படிச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். கண்மூடி எடுக்கிற குலுக்கலில் யாரும் யாரையும் எடுத்துத் தர முடியாது. 25 டாலர் கட்டணத்துக்கு 25 ஆயிரம் ரூபாய் வாங்கிய கதை எனக்கே தெரியும். வாங்கியவர் செய்தது, நான் என் போனில் செய்த அதே பதிவுதான். பெயர் விழுந்தால் 'பார்த்தீர்களா' என்பார், விழாவிட்டால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார். அவருக்கு நஷ்டமே கிடையாது.

விண்ணப்பம் சிக்கலாக இருந்தால், முன்பு விசா மறுக்கப்பட்டிருந்தால், ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் காசு கொடுத்துக் கேட்பதில் தப்பில்லை. அவருக்கு ஒரு பதிவு எண் இருக்கும், இணையத்தில் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் முகம் மாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

என்னென்ன தகுதி, என்னென்ன காகிதம்?

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு படிப்பு. டிப்ளமோ முடித்தவர்களுக்கும் வழி உண்டு. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் சராசரி 4.5 போதும். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்கள் கல்லூரியிலிருந்து அதற்கான கடிதம் வாங்கிக் காட்டலாம். அந்தக் கடிதத்தைக் குலுக்கல் முடிவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள், கல்லூரி ஆபீஸ்களின் 'நாளைக்கு வாங்க' எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

போலீஸ் கிளியரன்ஸ் கேட்டால் பாஸ்போர்ட் சேவா மூலம்தான். சென்னையில் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் மூன்று இடத்திலும் சேவா கேந்திரா உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கிற முகவரியில் இப்போது குடியில்லை என்றால் காவல் நிலைய விசாரணை இழுக்கும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிற குடும்பங்கள் இதை முதலில் சரிசெய்யுங்கள்.

பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்று இருக்கிறதே, தடையா?

ஆஸ்திரேலியாவுக்குத் தடையில்லை. குடிபெயர்வு அனுமதி கேட்பது வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான்.

மொத்தம் எவ்வளவு பணம் வேண்டும்?

விசாக் கட்டணம் 650 டாலருக்கு மேல், ஒவ்வொரு ஜூலையும் கொஞ்சம் ஏறும். வங்கியில் 5000 டாலர், ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய் காட்ட வேண்டும், போக்குவரத்துச் செலவு தனி. சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழியாகத்தான். டார்வின் போகிறவர்களுக்கு சிங்கப்பூர் வழி வசதி, சென்னையிலிருந்து நான்கு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு நாலரை மணி நேரம்.

அந்த மூன்று லட்சத்தைக் 'காட்டுவதற்கு' மாமாவிடம் வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. விசாவுக்காக மட்டும் அந்தப் பணத்தைக் கேட்கவில்லை. முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் வாடகை முன்பணம், வேலைக்கான கறுப்பு ஷூ, சிம், பஸ், சாப்பாடு. காசில்லாமல் இறங்குகிறவர்தான் முதலில் கிடைக்கிற மோசமான வேலையைப் பிடித்துக்கொள்கிறார். நான் என் பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா முணுமுணுத்தார். அந்தப் பணம் இருந்ததால்தான் டார்வினில் முதலில் வந்த ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

படித்துவிட்டு அங்கே போய் பாத்ரூம் கழுவினீர்களாமே?

ஆமாம். கேட்பவர்கள் பாதிப் பேர் தகவலுக்காகக் கேட்கவில்லை என்பதும் தெரியும். பெரியப்பா வீட்டு விசேஷத்தில் ஒரு அத்தை, "ஏம்மா, இதுக்கா உங்கப்பா காலேஜ் ஃபீஸ் கட்டினாரு?" என்றார். அம்மா சட்டென்று, "உங்க வீட்ல பாத்ரூமை யாரு அண்ணி கழுவுறாங்க?" என்று கேட்டுவிட்டு பாயசம் எடுக்கப் போய்விட்டார். அம்மாவா இது என்று இருந்தது எனக்கு.

நடைமுறையைச் சொல்கிறேன். இந்த விசாவில் ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, சில விலக்குகள் தவிர. அதனால் உங்கள் துறையில் நிரந்தர வேலைக்கு எடுப்பவர்கள் அநேகமாக உங்களைக் கூப்பிட மாட்டார்கள். கிடைப்பது ஹோட்டல், கஃபே, பண்ணை, கிடங்கு, கட்டடம், முதியோர் இல்லம். ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகிற பட்டதாரிகளும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். என் ஷிஃப்டில் ஒரு பிரெஞ்சுப் பெண் மருந்தியல் படித்தவள். அவளுக்கு இதில் வெட்கம் என்று ஒன்று இருக்கலாம் என்பதே தோன்றவில்லை. எனக்கு முதல் வாரம் தோன்றியது. நம் ஊரில் துடைப்பத்துக்கும் அதைப் பிடிக்கிறவருக்கும் என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று தெரிந்த யாருக்கும் தோன்றும். யார் எந்தச் சாதி என்று துருவுகிற கண் அங்கே இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் சிட்னியில் வாடகைக்கு அறை கேட்டுப் போன ஒரு இந்திய வீட்டில், பெயருக்கு அடுத்த கேள்வியே 'ஊர்ல எந்தப் பக்கம், என்ன ஆளுங்க' என்பதாக இருந்தது. அறையை எடுக்கவில்லை.

ஹவுஸ்கீப்பிங் வேலை கடினமானது. மெத்தை விரிப்பை இழுத்து மடக்குவதில் மணிக்கட்டு போகும். ஒரு அறைக்கு இவ்வளவு நிமிஷம் என்று கணக்கு உண்டு, முந்தின இரவு பார்ட்டி நடந்த அறை கிடைத்தால் அந்தக் கணக்கு கந்தல். எங்கள் சூப்பர்வைசர் பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பது வயதிருக்கும். நான் 'மேடம்' என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். வாய் வரவே நாளானது.

வேலை எப்படித் தேடினீர்கள்?

சிட்னியில் இறங்கி வேலை தேடுவதுதான் வழக்கம். அங்கே உங்களைப் போல ஆயிரம் பேர். நான் டார்வினைத் தேர்ந்ததற்குக் காரணம் பருவம். அங்கே மே முதல் அக்டோபர் வரை மழையில்லாக் காலம், சுற்றுலாப் பயணிகள் குவிவார்கள், ஹோட்டல்களுக்கு ஆள் போதாது. ஏப்ரல் கடைசியில் போய் நின்றால் வேலை நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாசலில் ரெஸ்யூமேயைக் கொடுத்தால் மேலாளர் வெளியே வந்து பேசுகிற இடம் அது. இப்படிப் பருவத்தைப் பார்த்து நகர்வதுதான் இந்த வருஷத்தின் சூட்சுமம். கேத்தரினிலும் டார்வினைச் சுற்றியும் மாம்பழம் செப்டம்பரில் தொடங்கும். டாஸ்மேனியாவில் செர்ரி டிசம்பர், ஜனவரி. மில்டுராவில் திராட்சை ஜனவரிக்குப் பிறகு. குயின்ஸ்லாந்தின் டல்லி, இன்னிஸ்ஃபெயில் பக்கம் வாழை வருஷம் முழுக்க.

ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். புகைப்படம், அப்பா பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம். நம் ஊர் பயோடேட்டாவை அப்படியே நீட்டினால் குழம்பிப்போகிறார்கள். பார், ரெஸ்டாரன்ட் வேலைக்கு ஆர்.எஸ்.ஏ. என்ற மது பரிமாறும் சான்றிதழ் வேண்டும். கட்டட வேலைக்கு ஒயிட் கார்டு. இரண்டுமே சிறு பயிற்சிதான். டி.எஃப்.என். என்ற வரி எண் அரசின் வரி அலுவலகத்தில் இலவசம், அதற்கும் கட்டணம் கேட்கிற இணையதளங்கள் உண்டு.

சம்பளம் எவ்வளவு? உண்மையான கணக்கு சொல்லுங்கள்.

2025 ஜூலை 1 அன்று தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. நம்மைப் போன்றவர்களை 'காஷுவல்' என்றுதான் எடுப்பார்கள். அதாவது லீவு கிடையாது, நாளைக்கு ஷிஃப்ட் இல்லை என்றால் இல்லை. அதற்கு ஈடாக 25 சதவீதம் கூடுதல் தர வேண்டும், மணிக்கு 31 டாலருக்குச் சற்று மேல். ஹோட்டல், கஃபே போன்ற இடங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கும் அரசு விடுமுறைக்கும் இன்னும் கூடும்.

வாரம் 38 மணி நேரம் கிடைத்தால் 1185 டாலர் வரும். இந்த விசாக்காரர்களுக்கு வரிவிலக்கு வரம்பு இல்லை, முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் போகும், ஆண்டு வருமானம் 45,000 டாலர் தாண்டும் வரை. முதலாளி இந்த வகை ஊழியர்களுக்காக வரி அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் 30 சதவீதம் பிடிப்பார். சேர்வதற்கு முன் கேட்டுவிடுங்கள். ஆக கையில் வாரம் ஆயிரம் டாலர். ஆறு பேர் அறையில் ஒரு கட்டிலுக்கே இருநூறுக்கு மேல் போகும், சாப்பாட்டுக்கு நூறு. நல்ல வாரத்தில் 600 மிஞ்சும். ரூபாயில் பெருக்கினால் முப்பத்தைந்தாயிரம் வாக்கில். பெருக்கிப் பார்த்துவிட்டு வேலையை விடலாம் என்று கிளம்பாதீர்கள். எல்லா வாரமும் 38 மணி நேரம் கிடைக்காது. சில வாரம் 15, ஊர் மாறும் வாரம் பூஜ்யம்.

நான் எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று கேட்கிறவர்களுக்கு: போட்ட பணம் திரும்ப வந்தது, ஊர் சுற்றியது போக தங்கைக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடிந்தது. வீடு கட்டுகிற பணம் இதில் வராது. அதற்கு நம் ஆட்கள் வேறு வழியில், வேறு நாடுகளுக்கு, வேறு ஒப்பந்தத்தில் போகிறார்கள்.

நம்ம ஆட்கள் கடையில் சேர்ந்தால் நல்லதுதானே? சாப்பாடும் கிடைக்கும்.

நான் கண்டது வேறு. நல்லவர்கள் இருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் மணிக்கு 14, 15 டாலர், கையில் காசு, பேஸ்லிப் கிடையாது என்று என்னிடம் பேசியவர்கள் எல்லோருமே நம் மொழியிலோ பக்கத்து மொழியிலோ பேசியவர்கள். பேச்சு எப்படி இருக்கும் தெரியுமா? "புதுசா வந்திருக்கே, தங்கச்சி மாதிரி, சாப்பாடு நம்ம பொறுப்பு, டாக்ஸ் கீக்ஸ் எதுக்கு?" தங்கச்சிக்குப் பாதிச் சம்பளம் என்பது எந்த ஊர் உறவு என்று நான் கேட்கவில்லை, வேலைக்குப் போகவும் இல்லை. முன்னே சொன்ன, டார்வினில் மறுத்த வேலை இதுதான்.

கையில் காசாக வாங்குவதே குற்றமல்ல. குறைந்தபட்சத்துக்குக் கீழே தருவதும், பேஸ்லிப் தராததும்தான் சட்ட மீறல். சம்பளம் தந்த ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் வர வேண்டும். இன்னொரு தந்திரம், ஏ.பி.என். எடுத்து வா என்பது. அது சொந்தத் தொழில் செய்கிறவருக்கான எண். அதை எடுக்கவைத்து உங்களை 'ஒப்பந்தக்காரர்' ஆக்கிவிட்டால் குறைந்தபட்சக் கூலியும் இல்லை, சூப்பர் என்ற ஓய்வுகாலச் சேமிப்பும் இல்லை, அடிபட்டால் காப்பீடும் இல்லை என்று கைகழுவிவிடலாம் என்ற கணக்கு. மேசை துடைக்கிற வேலைக்கு ஏ.பி.என். கேட்டால் வேண்டாம்.

'ட்ரையல்' என்று ஒரு வாரம் சும்மா வேலை வாங்குவதும் உண்டு. உங்களுக்கு வேலை தெரியுமா என்று மேற்பார்வையில் கொஞ்ச நேரம் பார்க்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் கூலி உண்டு.

புகார் சொல்ல ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அமைப்பு இருக்கிறது, எண் 13 13 94. ஆங்கிலத்தில் தடுமாறினால் முதலில் 131 450 அழைத்து 'தமிழ்' என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். 'புகார் செய்தால் விசா ரத்தாகும்' என்று முதலாளி மிரட்டுவார். விசாவை ரத்து செய்வது அவர் கையில் இல்லை. எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்று தினமும் போனில் எழுதி வையுங்கள். கடைசியில் பேசுவது அந்தக் குறிப்புதான்.

பண்ணை வேலைக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

கட்டாயமில்லை. இரண்டாம் ஆண்டு விசா வேண்டுமானால்தான், குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட வேலையை மூன்று மாதம் செய்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு இன்னும் ஆறு மாதம். 462 விசாவுக்கு வடக்கு ஆஸ்திரேலியாவில் ஹோட்டல், சுற்றுலா வேலையும் கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டார்வின் அதற்குள் வருகிறது. மண்வெட்டியைத் தொடாமலே அந்த மூன்று மாதத்தை முடித்தவர்களைப் பார்த்தேன்.

நான் மாம்பழத்துக்குப் போனது ஆசையில். கேத்தரின், டார்வினிலிருந்து தெற்கே சுமார் 320 கிலோமீட்டர். அக்டோபரில் காலை ஆறு மணிக்கே வியர்க்கும், மதியம் நாற்பது டிகிரியைத் தொடும். சென்னைக்காரிக்கு வெயில் பழக்கம்தானே என்று போனேன். நம் வெயிலில் நான்கு மணிக்குக் கடல்காற்று வந்துவிடும், அங்கே அந்த வரவே கிடையாது.

பறிக்கிறவர்களின் பாடுதான் பெரும்பாடு. காம்பை ஒடித்ததும் பீய்ச்சுகிற பால் தோலில் பட்டால் பொசுக்கும், கொப்புளம் போடும். அதற்காகவே பழத்தின் மேல் சோப்புத் தண்ணீர் பீய்ச்சுகிற வண்டியைச் சுற்றி நின்று பறிப்பார்கள். முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டும் பலருக்கு முகம் வீங்கியது. ஊரில் மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்கள் ஷெட் வேலையை மட்டும் கேளுங்கள். ஷெட்டில் நிழல் உண்டு. பெல்ட்டில் ஓடிவரும் பழத்தைத் தரம் பிரித்து, ஏழு கிலோ தட்டில் அடுக்க வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து தூக்கத்திலும் பெல்ட் ஓடும்.

அங்கே அதிகம் விளைவது கென்சிங்டன் பிரைடு என்ற ரகம். வாசனை நன்றாக இருக்கும். பங்கனபள்ளிக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன், ஆனால் பசியோடு நிற்கும்போது இதையெல்லாம் பேச முடியாது.

எண்ணிக்கைக் கூலி, அதாவது பெட்டிக்கு இவ்வளவு என்று பேசினாலும், 2022 ஏப்ரல் 28 முதல் மணிக்கூலிக் குறைந்தபட்சத்துக்கு உத்தரவாதம் உண்டு. 'நீ மெதுவாகப் பறித்தாய், அதனால் இன்றைக்கு நாற்பது டாலர்தான்' என்பது செல்லாது. பண்ணையோடு ஒப்பந்தம் வைத்த சில ஹாஸ்டல்களில் வேலை வரும் வரும் என்று சொல்லியே வாடகையை வாங்கிக்கொண்டிருப்பார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், இப்போது அங்கே தங்கியிருக்கிறவரிடம் பேசுங்கள். ஆபீஸில் இருப்பவரிடம் அல்ல, துணி காயப்போடுகிற இடத்தில் நிற்பவரிடம்.

பெண் தனியாகப் போகலாமா? வீட்டில் விடவே மாட்டேன் என்கிறார்கள்.

நகரங்களில் எனக்குப் பயம் தோன்றவில்லை. இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து நடந்து வந்திருக்கிறேன். பண்ணைப் பக்கம் வேறு விஷயம். வாகனம் அவர்களுடையது, தங்குமிடம் அவர்களுடையது, போன் சிக்னல் சில இடங்களில் இல்லவே இல்லை. அதனால் இரண்டு பேராகப் போங்கள், இடத்தின் வரைபடக் குறியை வீட்டுக்கு அனுப்புங்கள், வேலை பிடிக்காவிட்டால் மறுநாளே கிளம்பப் பஸ் கட்டணம் தனியே வைத்திருங்கள். பெண்களுக்கு மட்டுமான அறை பல ஹாஸ்டல்களில் உண்டு, சில டாலர் கூட. கொடுங்கள்.

வீட்டைச் சம்மதிக்க வைக்க என்னிடம் மந்திரம் இல்லை. அப்பாவிடம் நான் கொடுத்தது ஒரு தாள்: செலவு, திரும்பும் தேதி, எந்த ஊரில் யார் தெரியும், காசு தீர்ந்தால் என்ன செய்வேன். அதை அவர் மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்தார். அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, தினமும் போன். டார்வின் நம்மைவிட நான்கு மணி நேரம் முன்னால். நான் ஷிஃப்ட் முடித்து வரும்போது அம்மா மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். பொருத்தமான நேரம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாமா?

விமானத்திலிருந்து இறங்கும் முன் ஒரு அட்டை தருவார்கள். உணவு இருக்கிறதா என்ற இடத்தில் 'ஆம்' போடுங்கள். இட்லிப் பொடி ஒரு டப்பா இருந்தாலும் 'ஆம்'. காட்டினால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம், விசாவுக்கே ஆபத்து வரலாம். பச்சைக் கறிவேப்பிலை, விதை, பழம் பக்கமே போகாதீர்கள்.

சிட்னியில் பென்டில் ஹில், டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் போனால் நம் கடைகள்தான், அநேகம் ஈழத் தமிழர்கள் நடத்துவது. அரிசி மாவு, முருங்கைக்காய், நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். ஒரு கடைக்கார அம்மா ஒவ்வொரு முறையும், "பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பில் போடுவார். மேஸ் ஹில் முருகன் கோயிலும் அந்தப் பக்கம்தான். டார்வினில் வியாழன், ஞாயிறு மாலை மிண்டில் கடற்கரையில் சந்தை கூடும், மழையில்லாக் காலத்தில் மட்டும். நம் பெசன்ட் நகர் பீச் நினைப்பில் தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள். வடக்கில் முதலையும் உண்டு, கொட்டினால் உயிரே போகக்கூடிய ஜெல்லி மீனும் உண்டு.

உடம்புக்கு முடியாமல் போனால்?

அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் நமக்குக் கிடையாது. சாதாரண டாக்டரைப் பார்க்கவே நூறு டாலர் பக்கம் ஆகும், ஆஸ்பத்திரி என்றால் நினைக்கவே வேண்டாம். இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், பண்ணை வேலை அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பல் வைத்தியத்தை அண்ணாநகரிலோ அயனாவரத்திலோ முடித்துவிட்டே ஏறுங்கள். வேலையில் அடிபட்டால் அது முதலாளியின் காப்பீட்டில் வரும், உடனே எழுத்தில் சொல்லுங்கள். அவசர எண் 000.

வண்டி ஓட்டலாமா?

ஆர்.டி.ஓ.வில் 1000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் செல்லும். எத்தனை மாதம் நம் உரிமத்தில் ஓட்டலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வடக்கில் இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே வரும்.

இதை வைத்து பி.ஆர்., அதாவது அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கலாமா?

இந்த விசா அதற்கானதல்ல. சிலருக்கு முதலாளி ஸ்பான்சர் செய்து வேறு விசா அமைந்திருக்கிறது. அதை நம்பிப் போகிறவர்கள் ஒரு வருஷம் முழுக்கக் கவலையிலேயே கழிப்பதைப் பார்த்தேன்.

திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா? ரெஸ்யூமேயில் கேப் விழுமே?

விழும். இன்டர்வியூவில் கேட்டார்கள். 'வொர்க் அண்ட் ஹாலிடே' என்று போட்டிருந்ததில் ஒருவர் ஹாலிடேயை மட்டும் படித்தார். பிறகு நான் எழுதும் முறையை மாற்றினேன்: எந்த ஹோட்டல், என்ன பொறுப்பு, எத்தனை பேர் குழு, யார் ரெஃபரன்ஸ். டார்வின் சூப்பர்வைசர் எழுதித் தந்த கடிதத்தை இணைத்தேன். கிடைத்த வேலை பழைய சம்பளத்தைவிடச் சற்றுத்தான் கூட, ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு நேரில் பேசும் வேலை. ஐ.டி.யில் வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறவர்கள் நன்றாக யோசியுங்கள். ஒரு வருஷ இடைவெளி அவர்களுக்கு எனக்கானதைவிட அதிக விலை.

சூப்பர் பணம் என்கிறார்களே, அது என்ன?

நம் பி.எஃப். மாதிரி. முதலாளி உங்கள் சம்பளத்துக்கு மேலே 12 சதவீதம் கட்ட வேண்டும், 2025 ஜூலை முதல் இந்த விகிதம். நாட்டை விட்டு வந்து விசாவும் முடிந்த பிறகு இணையத்தில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஆனால் நம் விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதம் வரி. நூறு டாலருக்கு 35 வரும். அநியாயம்தான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முதலாளியும் உண்மையில் கட்டினாரா என்று அங்கே இருக்கும்போதே பாருங்கள், வந்த பிறகு துரத்துவது கடினம். பழைய மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் பணம் வரும் வரை மூடாதீர்கள். வரிக் கணக்கு ஜூலை முதல் ஜூன் வரை, அக்டோபர் 31-க்குள் தாக்கல்.

என் தம்பி போகிறான், அங்கே ஒரு வேலை சொல்லி வைக்க முடியுமா?

முடியாது, அங்கே எனக்குச் செல்வாக்கு இல்லை, இருந்தாலும் பார்க்காத பையனுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எந்த மாதம் எந்த ஊர் என்று கேட்டால் சொல்வேன். அவனிடம் ஒன்று கேளுங்கள்: வீட்டில் பாத்ரூம் கழுவுகிறானா? இல்லை என்றால் இந்த வாரமே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், டார்வினில் முதல் நாள் சுலபமாகப் போகும்.